தூசு உட்கார்ந்த நாற்காலி

சில்லுக்காரர் மேல் பிறந்த நாளிலிருந்து ஒரு பொட்டுத் தூசுகூட ஒட்டியதில்லை. மண்ணில் புரண்டாலும் சட்டை சலவைக்கடையிலிருந்து வந்த மாதிரி இருக்கும். அவர் தெருவில் நடந்தால் தூசு இருபக்கமும் ஒதுங்கி வழிவிடும். இதை வைத்துப் பிழைக்கலாம் என்று வேறு யாருக்கும் தோன்றவில்லை, அவருக்குத் தோன்றியது. கம்ப்யூட்டர் சில்லு செய்யும்போது கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் விழுந்தாலும் சில்லு செத்துவிடும் என்று எங்கோ படித்தவர், மூடிக்கிடந்த மாவு மில் ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தொழிற்சாலை தொடங்கினார். போயும் போயும் மாவு மில்லா என்று ஊரே வயிறு குலுங்கச் சிரித்தது. முதல் சில்லு வேலை செய்ததும் சிரித்தவர்களே வேலை கேட்டு வந்து நின்றார்கள். நாட்டில் காது மந்தமானவர்கள் மாட்டிக்கொள்ளும் கருவிக்கெல்லாம் அங்கிருந்துதான் சில்லு போயிற்று.

அந்தத் தைரியத்தில் ஒரு தப்பு நடந்தது. காற்றை வடிகட்டும் ஃபில்டர்களை யாருமே மாற்றவில்லை. அவர்தான் இருக்கிறாரே! மற்றவர்கள் தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பில் வேர்த்து வழிய, அவர் அரைக்கைச் சட்டையோடு உள்ளே ஒரு சுற்று வருவார், காற்று சுத்தமாகிவிடும். பராமரிப்பு ஆட்கள் ஃபில்டர் பெட்டியில் குடையும் சாப்பாட்டு டப்பாவும் வைத்துக்கொண்டார்கள்.

அவருடைய ஒரே மகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தூசு அவளைத் தேடி வந்து ஒட்டும். தும்மித் தும்மியே வளர்ந்தவளை அவர் 'தும்மல் ராணி' என்று கூப்பிடுவார். அவள் படித்து அதே தொழிற்சாலையில் பொறியாளராகச் சேர்ந்த பிறகும், அப்பாவுக்கு இப்படி ஒரு மகளா என்று யாராவது விளையாட்டுக்குச் சொன்னால்கூடச் சுருக்கென்று தைக்கும்.

ஒரு மழைக்காலத்தில் அவர் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். மகள் பொறுப்பேற்ற அன்று காலையில்தான் ஃபில்டர் ஞாபகம் எல்லோருக்கும் ஒன்றாக வந்தது. புதியவை கப்பலில் வந்து சேர மாதக்கணக்காகும். ஆர்டரோ கழுத்தை நெரித்தது. இந்த முறை சில்லு கெட்டால் வாங்குகிறவர்கள் வேறு இடம் பார்ப்பார்கள். தொழிற்சாலையை இழுத்து மூட வேண்டியதுதான். வேறு வழியில்லாமல் வேலையைத் தொடங்கச் சொன்னாள்.

சில்லுகள் சோதனை மேசைக்கு வந்தன. முதல் சில்லுக்குப் பச்சை விளக்கு எரிந்தது. அடுத்ததற்கும் பச்சை.

"எல்லாமே நல்லா இருக்கும்மா! ஒண்ணுகூடச் சாகலை!" என்று கத்தினாள் சோதனைப் பிரிவு அக்கா. மகள் அப்படியே தரையில் உட்கார்ந்து, மனம் விட்டு அழுதாள்.

அப்படியானால் தூசெல்லாம் எங்கே போயிற்று? தேடிக்கொண்டு போனபோது, பூட்டிக்கிடந்த அவர் அறையின் கதவிடுக்கில் அது மெல்லிய கோடாக நுழைந்துகொண்டிருந்தது. திறந்து பார்த்தார்கள். தொழிற்சாலையின் தூசு முழுவதும் அவர் நாற்காலியில், முதுகைச் சாய்த்து நிம்மதியாக உட்கார்ந்திருந்தது.

"உயிரோட இருந்தவரைக்கும் கிட்டயே சேர்க்கலையே. இப்பதான் இடம் கிடைச்சிருக்கு, பாவம்" என்றாள் அக்கா.

மகளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே ஒரு தும்மலும் வந்தது. அதற்காக அவள் வெட்கப்படவில்லை. அப்பா மாதிரி இருந்தாக வேண்டும் என்று நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த பாரம் அன்றைக்கே இறங்கிவிட்டது.

பிறகு புது ஃபில்டர்கள் வந்தன, மாட்டினார்கள். தூசு அவற்றை ஏறெடுத்தும் பார்க்காமல் நேரே நாற்காலிக்கே போகிறது. நிரம்பி வழியும்போது மகளே வந்து அள்ளிச் செடிகளுக்குப் போடுவாள். வேலைக்குப் புதிதாகச் சேருகிறவர்களுக்கு உடுப்பு மாற்றும் இடத்தையும் கை கழுவும் இடத்தையும் காட்டிவிட்டு, அந்த அறை வாசலிலும் ஒரு நிமிடம் நிற்பாள்.

"அந்த நாற்காலியில மட்டும் உட்காராதீங்க. ஆள் இருக்கு."