சூசையின் வலது கை

எபனேசர் அன்று காலை கம்பத்து உச்சியில் பல்பைக் கட்டியது சோதித்துப் பார்ப்பதற்காக அல்ல, பெருமையடித்துக்கொள்வதற்காகத்தான். ஆட்கள் தேறிவிட்டார்கள், பாடம் முடிந்தது என்று மேனேஜர் துரைக்கு முந்தின நாளே எழுதிக் கொடுத்தாயிற்று. நிஜமான வேலை அன்று மத்தியானம். அதற்கு முன்னால் எல்லாரையும் கூட்டி ஒரு தடவை செய்து காட்டினால் நாலு பேர் மெச்சுவார்களே என்று ஒரு ஆசை.

ஆசைப்பட்டதில் தப்பில்லை. அந்த ஆசை மட்டும் இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்து அவர் பின்னால் எத்தனையோ நாள் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார்.

அது 1946. எபனேசர் நாசரேத்துக்காரர். மெட்ராஸில் மின்சார வேலை படித்துவிட்டுத் தூத்துக்குடிக் கடற்கரையில் ஒரு பஞ்சாலைக்கு எலெக்ட்ரிக்கல் போர்மேனாக வந்தவர். ஆலையிலிருந்து ஜெட்டிக்குப் போகிற மின்கம்பிதான் அவருக்குப் பெரிய தலைவலி. கடற்காற்று, கம்பத்தில் கம்பியைத் தாங்குகிற பீங்கான் குப்பிகளில் உப்பை அப்பிவிட்டுப் போகும். அதில் பனி இறங்கினால் மின்சாரம் கம்பியை விட்டுக் கம்பத்தில் பாயும். அதனால் வாரத்துக்கு ஒருமுறை சுவிட்சை நிறுத்திவிட்டு ஆள் ஏறித் துடைக்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு முன் அப்படித் துடைக்க ஏறியவன் மேலே இருக்கும்போதே, விவரம் தெரியாத யாரோ கீழே சுவிட்சைப் போட்டுவிட்டான். இறக்கிய உடம்பைப் பெற்றவளுக்குக்கூட அடையாளம் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் துரைக்குப் புத்தி வந்து, ஆட்களைப் பழக்கு என்று எபனேசரிடம் சொன்னார்.

புதிதாக ஏறச் சம்மதித்தவன் ஹென்றி ஒருவன்தான். சங்கு குளித்தவன். ஆழத்தில் இறங்கி இறங்கிக் காது இரண்டும் அடைத்துப்போனதால் கடலை விட்டு ஆலைக்கு வந்திருந்தான். கூடவே அவனுடைய மச்சான், அதாவது மனைவி அமலோற்பவத்தின் அண்ணன், சூசையும் வந்திருந்தார்.

அந்தக் கரையில் முத்தோ சங்கோ குளிக்க இறங்குகிறவனின் கயிற்றை மச்சான்தான் பிடிப்பான். கயிற்றை விட்டால் தாலி அறுப்பவள் தன் கூடப்பிறந்தவள் என்கிற நினைப்பு அவன் கையைத் தளரவிடாது. ஹென்றிக்குக் கல்யாணமான மறுமாதம் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது. அன்று கயிற்றைப் பிடித்த சூசை, அதற்குப் பிறகு சங்கு குளிக்கப் போனபோதும், பதினெட்டு வருஷமாக விடவில்லை. கீழேயிருந்து கயிறு ஒரு சுண்டு சுண்டினால் போதும், அடுத்த நொடி ஹென்றி மேலே வந்துகொண்டிருப்பான்.

இதைக் கேட்டதும் எபனேசருக்குத் தலைகால் புரியவில்லை. மெட்ராஸில் எவனுக்காவது இந்த யோசனை தோன்றியிருக்குமா? கம்பத்துக்கும் சுவிட்ச் அறைக்கும் நாற்பது கஜம். கத்தினால் காற்று கொண்டுபோய்விடும், ஹென்றிக்கோ காதும் கேட்காது. ஆகவே கயிறுதான் என்று தீர்மானித்தார். ஒரு முனை ஹென்றியின் இடுப்பில். மறு முனை ஜன்னல் வழியாக உள்ளே போய் சூசையின் இடது கையில். வலது கை சுவிட்சின் கைப்பிடியைக் கீழே அமுக்கிப் பிடித்திருக்க வேண்டும், வேறு எவனும் கிட்டே வந்து தூக்கிவிடாதபடிக்கு. கைப்பிடி கீழே இருந்தால் மின்சாரம் கிடையாது. மேலே போனால் உண்டு. மேலே ஏதாவது ஆபத்தென்றால் ஹென்றி சுண்டுவான். சூசை கைப்பிடியை அமுக்கியபடியே ஆளைக் கூப்பிடுவார்.

"வெளங்குதா சூசை?"

"நல்லா வெளங்குது சார். கயிறு பிடிக்கதுக்கு எனக்குப் பாடமா?" என்று சூசை சிரித்தார். ஒரு மாதமாகத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தபோதும் சிரித்தார். கேட்டதையெல்லாம் ஒப்பித்தார். ஆனால் கயிற்றைச் சுண்டிப் பார்க்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

அன்று காலை எபனேசர் மேல் கம்பியின் இணைப்பைக் கழற்றிவிட்டு, அதே சுவிட்சிலிருந்து ஒரு பல்புக்கு மட்டும் மின்சாரம் போகும்படி செய்தார். பகல் வெளிச்சத்திலும் எரிவது தெரியட்டும் என்று பல்பை வாய் கீழே பார்த்த ஒரு டின்னுக்குள் வைத்து உச்சியில் கட்டினார். பல்பு எரிந்தால் மேலே இருக்கிறவன் செத்தான் என்று அர்த்தம். ஆறேழு பேர் கம்பத்தடியில் அண்ணாந்து நின்றார்கள். ஹென்றி ஏறிக் குப்பியைத் துடைக்க ஆரம்பித்தான். எபனேசர் கைக்குட்டையை ஆட்டினார். ஹென்றி கயிற்றைச் சுண்டினான்.

பல்பு எரிந்தது.

 ஹென்றி முகத்துக்கு ஒரு முழத்தில் எரிகிற பல்பைப் பார்த்தான். பிறகு தன் கையிலிருந்த ஈரத்துணியைப் பார்த்தான்.  வேறு எவனோ உள்ளே புகுந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டு எபனேசர் சுவிட்ச் அறைக்கு ஓடினார்.

உள்ளே சூசை மட்டும்தான் இருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"எப்படி சார்? கயிறு அசைஞ்சதுமே புடிச்சிட்டேம்லா?"

"ஏன்வே தூக்கினீரு?"

"எதத் தூக்குனேன்? நான் அமுக்கில்லா புடிச்சிருக்கேன்."

சொல்லிக்கொண்டே திரும்பியவர் தன் வலது கையைப் பார்த்தார். அது கைப்பிடியை விடாமல்தான் பிடித்திருந்தது. ஆனால் தோளுக்கு மேலே, உயரத்தில் பிடித்திருந்தது.

சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது. "ஏசுவே, நான் தூக்கல சார். சத்தியமா நான் தூக்கல" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் எபனேசரை உலுக்கியது. கயிறு சுண்டினால் இரண்டு கையாலும் வாரி மேலே இழுக்கிறவர் அவர். பதினெட்டு வருஷம் அந்த ஒரு வேலையைப் பிசகாமல் செய்த கை, சுண்டியதும் பிடித்திருந்ததை மேலே தூக்கிவிட்டது. அவரைக் கேட்கவே இல்லை.

இன்னொரு தடவை செய்தார்கள். சூசை பல்லைக் கடித்துக்கொண்டு, "தூக்கக்கூடாது, தூக்கக்கூடாது" என்று வாய்விட்டுச் சொல்லியபடி நின்றார். எபனேசர் பக்கத்திலேயே நின்று அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கயிறு சுண்டியது. "தூக்கக்..." என்று வாய் சொல்லும்போதே கை போய்விட்டது. வெளியே யாரோ ஐயோ என்று கத்தினார்கள்.

மூன்றாவது தடவையும் அதேதான்.

சூசை தரையில் உட்கார்ந்து வலது கையை மடியில் போட்டுக்கொண்டார். "மூணு தடவ கொன்னுட்டேன். எந்தங்கச்சி மூஞ்சில எப்படி முழிப்பேன்?" என்று அழுதார்.  மத்தியானம் இந்தக் கையை நம்பித்தானே எபனேசர் ஹென்றியை ஏற்ற இருந்தார். கயிறு யாருடைய யோசனை? கொன்றது சூசை என்றால் தன்னை என்னவென்று சொல்வது?

ஹென்றி இறங்கி சுவிட்ச் அறைக்கு வந்தான். வேறு ஆளை நிறுத்துகிறேன் என்று எபனேசர் கத்திச் சொன்னது அவனுக்கு எட்டியது.

"மச்சான் கயிறு பிடிக்கதுன்னா ஏறுதேன். வேற ஆளுன்னா நான் ஏறமாட்டேன்."

"செத்துப்போவீருவே! கண்ணால பாத்தீருல்ல?"

"பாத்தேன் சார்" என்றான் ஹென்றி. 

எபனேசருக்குக் கோபம் தலைக்கேறியது. அவன்மேல் இல்லை, தன்மேல். மெட்ராஸில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்த விஷயம்: ஏறுகிறவன் பியூஸ் கட்டைகளைப் பிடுங்கித் தன்னோடு கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு தடவையும் பிடுங்கி மாட்ட நேரமாகும் என்றும், மச்சான் கயிறு இருக்கையில் அது எதற்கென்றும் அவர்தான் விட்டுவிட்டார். விறுவிறுவென்று சுவிட்சுக்குப் பக்கத்திலிருந்த பியூஸ் பெட்டியைத் திறந்து மூன்று கட்டைகளையும் பிடுங்கினார்.

"இது ஹென்றி மடியில இருக்க வரைக்கும், நீரு தூக்கினாலும் சரி, துரையே வந்து தூக்கினாலும் சரி, கம்பிக்குக் கரண்டு போவாது."

ஹென்றி கை நீட்டவில்லை. மச்சானைப் பார்த்தபடி நின்றான். அதை வாங்கினால் நம்பவில்லை என்று ஆகிவிடுமே என்று கூசினான். சூசைதான் எழுந்து வந்து எபனேசரிடமிருந்து மூன்று கட்டைகளையும் வாங்கினார். ஹென்றியின் மடியில் வைத்துச் சுருட்டி இறுக்கிச் செருகினார். காது கேட்காதவனுக்கும் கேட்கும்படி, அவன் முகத்தருகே குனிந்து சொன்னார்.

"இத்தன வருசம் உன் உசிரு என் கையில இருந்துது மாப்ள. இந்தா, இனி நீயே வச்சுக்கோ."

ஹென்றி மறுபடி ஏறினான். சூசை மறுபடி உள்ளே போனார். இந்தத் தடவை எபனேசர் வெளியே கம்பத்தடியில் நின்றார். ஹென்றி சுண்டினான். சுவிட்ச் அறைக்குள் கைப்பிடி மேலே போய் அடித்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

பல்பு எரியவில்லை.

"எரிஞ்சுதா சார்?" என்று ஜன்னல் வழியாக சூசையின் குரல் வந்தது.

எபனேசர் டின்னை இன்னொரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இல்லவே, எரியல" என்றார்.