ஹவியேர் என்றால் புது வீடு

ஹவியேரின் கல்யாணத்தன்று பாதிரியார் பிரசங்கத்தில் ஒரு வேடிக்கை சொன்னார். மாப்பிள்ளையின் பெயர் ஹவியேர். பெண்ணின் பெயர் மிரேன், குடும்பப் பெயர் எச்செவெரியா. ஹவியேரும் எச்செவெரியாவும் ஒரே வார்த்தைதான் என்றார். வட ஸ்பெயினில் மலைக்கு அந்தப் பக்கம் இன்னும் பேசுகிற பாஸ்க் மொழியில் எச்சே என்றால் வீடு, பெர்ரி என்றால் புதிது. அந்தப் புது வீடு ஒரு வாயில் எச்செவெரியா என்று நீண்டது. இன்னொரு வாயில் ஷபியேர் என்று தேய்ந்து, ஸ்பானியர் நாக்கில் ஹவியேர் ஆனது. முதலில் அது ஊரின் பெயர், நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் நிற்கும் கோட்டையின் பெயர். அங்கே பிறந்தவர் புனிதரானதும், அவருடைய ஊர்ப்பெயரையே ஜனங்கள் பிள்ளைகளுக்கு வைக்க ஆரம்பித்தார்கள். நம் கடற்கரைப் பக்கம் சவேரியார் என்கிறோமே, அவரேதான்.

"ஆக, இன்னிக்கு ரெண்டு புது வீடு ஒண்ணாகுது" என்று பாதிரியார் முடித்தார்.

"இருக்கப் போறது என்னவோ பழைய வீட்லதான் சாமி" என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல். மதுக்கடை எலோய். கோவிலே சிரித்தது. மிரேனும் சிரித்தாள்.

பழைய வீடு என்பது ஹவியேரின் அம்மாவின் வீடு. கல் சுவர், சின்ன ஜன்னல்கள், மழை வந்தால் மாடியில் மூன்று இடத்தில் சட்டி வைக்க வேண்டும். மிரேன் பிறந்த வீட்டிலிருந்து ஒரு பெரிய வால்நட் மர அலமாரி கொண்டுவந்தாள். மாடிப்படி குறுகலாக இருந்ததால் அது மேலே ஏறவில்லை. சாக்குப் போட்டு மூடித் தொழுவத்தில் வைத்தார்கள். புது வீடு வந்ததும் முதலில் உள்ளே போவது இதுதான் என்று ஹவியேர் சொன்னான். சொன்னபடியே சாலையோரத்தில் தனக்கிருந்த துண்டு நிலத்தில் அஸ்திவாரமும் தோண்டினான்.

காகித ஆலையில் அவனுக்கு ஷிப்ட் வேலை. வேலை முடிந்ததும் நேராக மனைக்குப் போவான். முதல் வருஷம் மிரேனும் கூடப் போனாள். நூல் பிடித்தாள், கலவை கிளறினாள், சுவரில் உட்கார்ந்து இருவரும் ரொட்டியும் காரத் தொத்திறைச்சியும் சாப்பிட்டார்கள். அப்புறம் அவன், தூசியில் என்னத்துக்கு, நீ வீட்டில் இரு என்றான். அன்போடுதான் சொன்னான். அவள் நின்றுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கை கொடுக்கிறேன் என்று எலோய் வந்தபோதும், என் வீட்டை நானே கட்டிக்கொள்கிறேன் என்று அனுப்பிவிட்டான். ஒவ்வொரு கல்லையும் மூன்று தடவை திருப்பிப் பார்த்து வைப்பான். பிடிக்காவிட்டால் பிரித்துவிட்டு மறுபடி கட்டுவான்.

மதுக்கடையில் அவனுக்குப் பெயரே மாறிப்போயிற்று.

"என்னடா புது வீடு, சுவர் எவ்வளவு தூரம் வந்திருக்கு? ஆடு தாண்டலாமா?"

"கோழியே தாண்டிடுது, அதையேன் கேக்குற."

அவனும் சேர்ந்து சிரிப்பான். மிரேன் இந்தச் சிரிப்பில் கலந்துகொள்வதை எப்போதோ விட்டிருந்தாள். மாமியார் கெட்டவள் இல்லை, பேசாதவள். மகனும் அப்படியே. இரவுச் சாப்பாட்டில் கரண்டிச் சத்தம் மட்டும்தான் கேட்கும். பிள்ளையும் பிறக்கவில்லை. இப்படியே வருஷங்கள் போயின. ஓர் அக்டோபரில், தெருவெல்லாம் சிவப்பு மிளகாய் சுடுகிற வாசனை நிறைந்திருந்தபோது, விட்டோரியா நகரத்தில் இருக்கும் தங்கையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி மிரேன் பஸ் ஏறினாள். ஒரு வாரம் என்றாள். அது ஒரு மாதமாயிற்று. பிறகு போன் செய்தாள்.

ஹவியேருக்கு அந்தப் பேச்சு வரிக்கு வரி மனப்பாடம். தங்கை தனக்கு ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்து வைத்திருப்பதாக மிரேன் சொன்னாள். நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டாள். அவன், "கூரை போட்டுட்டுக் கூப்பிடறேன்" என்றான். அவள், "சரி" என்றாள்.

கூரை போட மூன்று குளிர்காலம் ஆயிற்று. அதற்குள் அம்மா இறந்துபோனாள். புதுக்கூரைமேல் முதல் மழை விழுந்த அன்று அவன் உள்ளே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு சொட்டு இறங்கவில்லை. போனை எடுக்கலாம் என்று போனவன், சாயம் அடித்துவிட்டுச் சொல்லலாம் என்று திரும்பினான். சாயம் அடித்ததும் படிக்கட்டு மிச்சமிருந்தது. படிக்கட்டு முடிந்ததும் தரை ஓடு. எல்லாம் முடிந்தபோது, இத்தனை காலம் கழித்து எந்த முகத்தோடு கூப்பிடுவது என்ற கூச்சம் வந்துவிட்டது. அலமாரியை நாலு ஆள் வைத்து மாடியில் ஏற்றினான். அவன் கீழே சமையலறையை ஒட்டிய சின்ன அறையில் படுத்துக்கொண்டான். மிரேனின் பெயரை யாரிடமும் சொல்வதில்லை. ஊராரும் அவன் காதுபடச் சொல்வதில்லை.

வருஷந்தோறும் மார்ச் மாதம் புனிதரின் கோட்டைக்கு நடந்து போகிறவர்கள் அவன் வாசலைத் தாண்டித்தான் போவார்கள். ஒரு வருஷம் அப்போது நல்ல மழை. பிளாஸ்டிக் கோட்டும் கோலுமாகக் கூட்டம் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தது. வாசல்படியில் யாரோ உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றுகிற சத்தம் கேட்டு ஹவியேர் கதவைத் திறந்தான். நரைத்த முடியை ஒட்ட வெட்டிய ஒரு பெண், பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. அவள் தலையை உயர்த்தி வீட்டை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள்.

"கூரை போட்டாச்சு போலிருக்கே" என்றாள்.

அவன் கதவைப் பிடித்தபடியே நின்றான். பிறகு, உள்ளே வா, காலில் ஈரம் என்று மட்டும் சொன்னான்.

வெந்நீரில் உப்புப் போட்டுக் கொண்டுவந்து வைத்தான். காப்பியில் கொஞ்சம் பிராந்தி ஊற்றிக் கொடுத்தான். மிரேன் காலை நீரில் வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். ஜன்னலெல்லாம் நீயே செய்ததா என்று கேட்டாள். ஆமாம் என்றான். நல்லா இருக்கிறது என்றாள். காலைத் துடைத்துக்கொண்டு மாடி ஏறிப் பார்த்துவிட்டும் வந்தாள். அங்கே அவளுடைய அலமாரியையும், ஒரு நாளும் யாரும் படுக்காத கட்டிலையும் கண்டிருப்பாள். வந்து உட்கார்ந்து, விட்டோரியாவில் சாயங்கால வகுப்புக்குப் போய் பாஸ்க் மொழி கற்றுக்கொண்டதைச் சொன்னாள். இந்தப் பக்கத்தில் அந்த மொழி வயல் பெயர்களிலும் வீட்டுப் பெயர்களிலும் மட்டும்தான் மிச்சம்.

"அதுல ஹாபேன்னு ஒரு வார்த்தை வரும். உடைமைக்காரன். எச்சேஹாபேன்னா வீட்டுக்காரன். முதல்ல கேட்டப்போ உன் பேர்தான்னு நெனச்சேன். சம்பந்தமே இல்லையாம், காதுக்குத்தான் அப்படி."

"ஓ" என்றான் ஹவியேர்.

"ஆனா பெர்ரி இருக்கே, அதுக்கு சாமி பாதி அர்த்தம்தான் சொன்னாரு. பெர்ரின்னா புதுசு, சேதின்னும் அர்த்தம். யாரைப் பார்த்தாலும் 'செர் பெர்ரி'ன்னு கேக்கணும். என்ன சேதின்னு."

யாழ்ப்பாணத்தார் சந்தித்தவுடன் "என்ன புதினம்" என்று கேட்பார்களே, அதுபோலத்தான் இதுவும். மிரேன் காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"வகுப்பு முடிஞ்சு பஸ்ஸுக்கு நின்னேன். அழுகையா வந்துச்சு. நான் வீட்டுக்கா காத்துக்கிட்டிருந்தேன், ஷாபி? சேதிக்குத்தானே காத்துக்கிட்டிருந்தேன்."

ஷாபி என்று அவனைக் கூப்பிடுகிறவள் அவள் ஒருத்திதான். ஹவியேர் எழுந்துபோய் அடுப்பில் ஒன்றுமில்லாத பாத்திரத்தை நகர்த்தி வைத்தான்.

"சாயம் அடிச்சிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்" என்றான்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அவனும் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை.

காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றான். நடப்பதாக நேர்ந்திருக்கிறேன் என்றாள். அப்படியானால் நானும் வருகிறேன் என்று மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினான். பிறந்ததிலிருந்து அந்தப் பெயரோடு திரிந்தவன் கோட்டைக்கு நடந்து போவது அதுதான் முதல் முறை. அவள் நொண்டி நடந்தாள், அவள் பையை இவன் சுமந்தான். மழை விட்டிருந்தது. பாதி வழியில், யாரும் பக்கத்தில் இல்லாத இடமாகப் பார்த்துக் கேட்டான்.

"இங்கேயே இருந்துடேன், மிரேன்."

ஒரு வளைவு தாண்டிய பிறகு அவள் சொன்னாள்.

"அப்போ கேட்டிருந்தா வெறும் அஸ்திவாரத்துக்கே வந்திருப்பேன். இப்போ அங்க எனக்குன்னு ஒரு பொழப்பு இருக்கு. பெருசா ஒண்ணும் இல்ல. ஆனா இருக்கு."

அவன் தலையாட்டினான். கோபமில்லை, நியாயம் என்றுதான் பட்டது. நியாயமாகப் பட்டதால் வலி குறைந்துவிடவில்லை.

கோட்டைக்கு முன்னால் திறந்தவெளியில் பூசைக்குப் பெருங்கூட்டம். தொலைந்த பிள்ளையைத் தேடிக்கொண்டு ஒரு தாய், "ஹவியேர்! ஹவியேர்!" என்று கத்திக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து போனாள். அந்தப் பக்கத்தில் பாதி ஆண்களுக்கு அதுதானே பெயர், கிழவனும் வாலிபனுமாக எத்தனையோ தலைகள் திரும்பின. சிரிப்பலை எழுந்தது. இவன் ஒருவன் மட்டும் திரும்பவில்லை. மிரேன் அதைக் கவனித்தாள்.

"ஒருவேளை உன்னையே கூப்பிட்டிருந்தா?"

"என்னை யாரு கூப்பிடப் போறா" என்றான். குறையாகச் சொல்லவில்லை, நேரம் கேட்டால் சொல்வதுபோலச் சொன்னான்.

அவள் அவனுடைய கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். பூசை முடிகிறவரை விடவில்லை. பிறகு விட்டோரியா பஸ் வந்தது. உடம்பைப் பார்த்துக்கொள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். பஸ் புறப்பட்டபோது அவள் அந்தப் பக்க ஜன்னலில் உட்கார்ந்திருந்ததால் முகம் தெரியவில்லை.

ஹவியேர் தனியாக நடந்து ஊருக்குத் திரும்பினான். வீட்டுக்குப் போகாமல் எலோயின் மதுக்கடைக்குள் நுழைந்தான். ஞாயிறு மாலை, சீட்டாடுகிறவர்கள் எல்லாரும் இருந்தார்கள். அவன் வழக்கமாக மூலையில் நின்று குடித்துவிட்டுப் போகிறவன். அன்று மேசையருகே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"மிரேன் வந்திருந்தா" என்றான்.

சீட்டு நின்றது. எலோய் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். எப்படி இருக்கிறாள் என்று கடைசியில் எலோய்தான் கேட்டார்.

முடியை ஒட்ட வெட்டியிருக்கிறாள் என்றான் ஹவியேர். இடது காலில் கொப்புளம். பூட்ஸ் புதிது, யாராவது புது பூட்ஸ் போட்டுக்கொண்டு அவ்வளவு தூரம் நடப்பார்களா. பாஸ்க் பேசுகிறாள். ஜன்னல் நன்றாக இருக்கிறது என்றாள். திரும்பி வரமாட்டாள். இதையெல்லாம் ஒரே மூச்சில், மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். சொல்ல வேறு எதுவும் இல்லை என்றானபோது, காப்பியில் பிராந்தி ஊற்றியதையும் சொன்னான். அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.