பச்சையில் ஊற்றிய ஆரஞ்சு

துபாயிலிருந்து பெனிஷ் ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது, வீட்டில் அவனுடைய இடத்தில் இன்னொருவன் இருந்தான். தங்கை ஜெஸ்பினின் கணவன் டெனிஷ். அடுத்த தெருவில் குடியிருந்தான். அப்பா யேசுரத்தினம் கொப்பரை வியாபாரத்தை விட்ட பிறகு அவருடைய பழைய மாருதி எண்ணூறின் சாவியும் டெனிஷிடம் போயிருந்தது.

பெனிஷ் கார் ஓட்டப் பழகியது அந்த வண்டியில்தான். இப்போது ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போகும்போது அவன் பின்சீட்டில் உட்கார வேண்டியிருந்தது. கிளம்பும் முன்னால் டெனிஷ் பானெட்டைத் தூக்கி, ஓரத்து வெள்ளை டப்பாவில் எஞ்சினைச் சூடேறாமல் காக்கும் பச்சைக் கூலன்ட் இரண்டு கோடுகளுக்கும் நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பான். குறைந்திருந்தால் அதே பச்சையை பேட்டரி தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து விடுவான்.

"பழைய எஞ்சின்லா. மாப்பிள்ள பாக்கதுனாலதான் ஓடுது" என்பார் அப்பா, கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம்.

அதைக் கேட்கும்போதெல்லாம் பெனிஷுக்கு வயிறு எரிந்தது. பதினோரு வருஷம் வெயிலில் காய்ந்து இந்த வீட்டுக்கு மாடி எடுத்தவன் அவன். அதைப் பற்றி அப்பா யாரிடமும் பேசி அவன் கேட்டதில்லை. வெள்ளை டப்பாவைக் குனிந்து பார்த்தவனுக்குத்தான் பேர்.

ஒருநாள் நாகர்கோவிலுக்குப் போனவன், கடையில் இருந்ததிலேயே விலை கூடிய கூலன்டை வாங்கி வந்தான். ஆரஞ்சு நிறம். ஐந்து வருஷம் மாற்ற வேண்டாம் என்று டப்பாவில் போட்டிருந்தது. டெனிஷ் தன் பர்னிச்சர் கடைக்குப் போன நேரம் பார்த்து, முற்றத்தில் பூட்டாமல் நின்ற வண்டியின் ரேடியேட்டரிலிருந்து கொஞ்சம் பச்சையை வடித்துவிட்டு, தண்ணீர் சேர்க்காமல் ஆரஞ்சை அப்படியே ஊற்றினான். வண்டி நன்றாக ஓடட்டும், அப்புறம் அப்பாவிடம் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டான். அந்த ஞாயிற்றுக்கிழமை டெனிஷ் ஊரில் இல்லை. அதற்கடுத்த வாரம் மழை. பானெட்டை யாரும் திறக்கவில்லை.

மூன்றாம் வாரம் அப்பாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டியிருந்தது. டெனிஷின் கடையில் லோடு வந்து இறங்கிக்கொண்டிருந்ததால் சாவி பெனிஷின் கைக்கு வந்தது. அவன் உற்சாகமாக ஓட்டினான். பாதி வழியில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. பானெட்டின் இடுக்குகளிலிருந்து ஆவி சீறியது. ஓரமாக நிறுத்தி இறங்கி, ரேடியேட்டர் மூடியைத் திருகக் கை நீட்டினான்.

"ஏலே, தொடாத! மூஞ்சி வெந்து போவும்!" என்று அப்பா கத்தினார். "மாப்பிள்ளைக்குப் போன் போடு."

போடாமல் முடியவில்லை. டெனிஷ் பைக்கில் வந்து சேர்ந்தான். எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, மூடிமேல் துணியைப் போட்டுத் திறந்தான். விரலை விட்டு எடுத்தபோது பச்சையும் ஆரஞ்சும் திரிந்து துருநிறத்தில் பசை மாதிரி ஒன்று ஒட்டி வந்தது. அவன் பெனிஷை ஒரு தடவை பார்த்தான்.

"என்ன மாப்பிள்ள?" என்றார் அப்பா.

"பழைய வண்டிலா மாமா. உள்ள அடைச்சிருக்கு. அவ்வளவுதான்."

காட்டிக்கொடுத்திருந்தால்கூட பெனிஷ் தாங்கியிருப்பான். இவன் என்னைக் காப்பாற்றுவதா? இதிலும் இவனே நல்லவனா?

"பழசுனால இல்லப்பா" என்றான் சத்தமாக. "நான்தான் பச்சை கிடந்ததுல ஆரஞ்சை ஊத்துனேன். ரெண்டும் சேராதுன்னு எனக்குத் தெரியாது."

"ஒரு வாக்கு கேட்டா உன் நாக்கு தேஞ்சா போவும்?" என்றார் அப்பா.

"யார்ட்ட கேக்கணும்? இவன்ட்டயா? வண்டியும் இவன், வீடும் இவன். நான் பின்னால குத்த வச்சிருக்க விருந்தாளி!"

அப்பா ரோட்டோரம் போய் நின்றார். பின்னால் வந்த டவுன் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தினார். "எனக்கு டாக்டரைப் பாக்கணும். நீங்க பேசித் தீத்துட்டு வாருங்க" என்று ஏறிப் போய்விட்டார்.

இருவரும் வண்டியின் நிழலில் நின்றார்கள்.

"மச்சான்" என்றான் டெனிஷ். "நீங்க வந்த அன்னைக்கே சாவிய உங்க கையில தந்திருக்கணும். எனக்கு மனசு வரல்ல. மாமா என்னைக் கூப்பிடுகது வண்டிக்காகத்தான். சாவி போனா கூப்பிடுவாரான்னு ஒரு பயம். எனக்கு அப்பா இல்லன்னு தெரியும்லா."

பெனிஷ் அவனை முதல்தடவையாக நேராகப் பார்த்தான். இவனுக்கும் வயிறு எரிந்திருக்கிறது. அது தெரிந்ததும் தன்னுடைய எரிச்சல் முழுக்கப் போய்விடவில்லைதான். ஆனால் நெஞ்சு லேசானது.

வண்டியை ஒரு டெம்போவில் கட்டி இழுத்துக்கொண்டு போய் ஒர்க்‌ஷாப்பில் விட்டார்கள். சீக்கிரம் நிறுத்தியதால் எஞ்சினுக்குச் சேதம் இல்லை. ரேடியேட்டரைக் கழற்றி, வடிகிற தண்ணீர் தெளியும்வரை திரும்பத் திரும்பக் கழுவினார்கள். புதிய பச்சையை டெனிஷ் சொன்ன அளவில் பெனிஷ் கலந்து ஊற்றினான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் பானெட்டுக்குள் தலையை விட்டு, மட்டம் கோட்டுக்கு மேலேயா கீழேயா என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். அப்பா பைபிளை மடியில் வைத்தபடி முன்சீட்டிலிருந்து ஹாரனை அழுத்தினார்.

"ஆராவது ஒருத்தன் வண்டிய எடுங்கப்பா. அங்க முதல் பாட்டு முடிஞ்சிரும்."