குரலுக்கு டி.சி. இல்லை

ஆஷ்லினுக்கு டி.சி. வாங்கியபோது அவளுடைய குரல் பழைய பள்ளியிலேயே தங்கிவிட்டது. திண்டிவனத்தில் ஏரிக்கரைத் தொடக்கப்பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடித்தவளுக்கு, அந்தத் தாளோடு வாசலைத் தாண்டியதும் பேச்சு நின்றது. ஜூனில் பள்ளி திறந்த அன்று தலைமையாசிரியர் நடராசன் பழக்கதோஷத்தில் அவள் பெயரையும் கூப்பிட, காலிப் பெஞ்சிலிருந்து "உள்ளேன் ஐயா" என்று வந்தது. அவர் வருகைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டார்.

அவள் அம்மா அமல்ராணிக்கு ஜெராக்ஸ் கடையில் வேலை. ஊரார் பிள்ளைகளின் சான்றிதழையெல்லாம் நகல் எடுக்கிறவள் என்ற மிதப்பில், எந்தப் பள்ளி என்று முடிவு செய்யும் முன்பே டி.சி.யை வாங்கிவிட்டாள். புருஷன் சூசைமுத்து புதுச்சேரியிலிருந்து போனில், "நல்ல ஸ்கூலா பாரு" என்பதோடு சரி. நல்ல ஸ்கூல் எது என்று கேட்டால் திண்டிவனத்தில் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஒன்றில் ஆறாம் வகுப்பில் எழுபது பேர். ஒன்றில் கணக்கு டீச்சர் மூன்று வருடமாக வந்துகொண்டே இருக்கிறார், இன்னும் வந்து சேரவில்லை. கழிப்பறை நன்றாக இருந்த பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அக்காள் புகழ்ந்தாள் என்று அமல்ராணி விழுப்புரம் வரை போய்ப் பார்த்தாள். எல்லா இடத்திலும் பிள்ளையைப் பெயர் சொல்லச் சொன்னார்கள். நடந்ததைச் சொன்னதும், "குரலயும் கூட்டிக்கினு வாங்கம்மா, அது இல்லாம அட்டெண்டன்ஸ் எப்படிப் போடறது?" என்றார்கள். இதிலேயே ஜூலை பாதி போய்விட்டது. எரிச்சலில் அமல்ராணி அந்தப் பேச்சற்ற பிள்ளையை இரண்டு முறை திட்டினாள், பிறகு வெட்கப்பட்டு அழுதாள்.

கடைசியில் நடராசனிடமே போனாள். "ஐயா, எம்பொண்ணு குரல குடுத்துடுங்க. பேஜாராப் போச்சு."

"நானாம்மா புடிச்சி வச்சிக்கினு இருக்கேன்? அதுவா வருது. அதயும் சேத்துதான் இருவது பேரு. ஒண்ணு கொறஞ்சா ரெண்டாவது டீச்சர் கலைமதியோட போஸ்ட்டத் தூக்கிடுவாங்க."

காலையில் அதற்கும் ஒரு தட்டு உப்புமா வைப்பதாகவும், அது தொடுவதில்லை என்றும் சொன்னார். அமல்ராணி காலிப் பெஞ்சைப் பார்த்து, "வீட்டுக்கு வாடி!" என்று கத்தினாள்.

"எந்த ஸ்கூலுக்கும்மா போறது?" என்றது குரல். ஒன்றரை மாதம் அலைந்தவள் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். "நான் போயிட்டா கலைமதி டீச்சரும் போயிடுவாங்க. இங்க ஒரு 'உள்ளேன்' சொல்லிட்டு வர்றேன். கிட்டத்துல ஒண்ணு பாரும்மா."

ஏரிக்கரையில் பெயர் கூப்பிட்ட பிறகு குரல் நடந்துதான் வரும் என்பதால், மற்ற பள்ளிகளில் கூப்பிடும் முன் இருக்கும் கால்மணி நேரத்தில் எவ்வளவு தூரம் போகலாம் என்று அமல்ராணி தானே நடந்து பார்த்தாள். அந்தத் தூரத்துக்குள் இருந்தது ஒரே பள்ளி, யாரும் சிபாரிசு செய்யாத நகராட்சி நடுநிலைப்பள்ளி. ஆறிலிருந்து எட்டு வரை மூன்று வகுப்புக்கு இரண்டு டீச்சர். வகுப்பு டீச்சர் வீரம்மாள் டி.சி.யை வாங்கிப் பார்த்து, குரலின் கதையையும் கேட்டு, அகர வரிசையில் இந்தப் பெயர்தானே முதலில் வரும் என்று கொஞ்சம் யோசித்தார். பிறகு சேர்த்துக்கொண்டார்.

இப்போது ஆஷ்லின் ஏழாம் வகுப்பு. காலை எட்டரைக்குக் குரல் தனியாகக் கிளம்பிவிடும். சாயங்காலம் அவளோடு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சண்டை போடும். ஏரிக்கரையில் ஒன்பதே காலுக்கு ஒரு "உள்ளேன்". நடுநிலைப்பள்ளியில் ஒன்பதரைக்குப் பெயர் கூப்பிடுவார்கள். மழை நாளில் குரல் கொஞ்சம் தாமதமாகும் என்பதால், அங்கே ஆஷ்லின் பெயரைக் கடைசியில்தான் கூப்பிடுகிறார்கள்.