ஆனியின் பொக்கே

மார்த்தாள் பூக்கடையின் ஷட்டரைப் பாதிதான் தூக்கி வைத்திருந்தாள். அது 2014, மே மாதம். வெயில் உள்ளே வந்தால் ரோஜா வாடிவிடும். ஓசூரிலிருந்து பஸ்ஸில் வந்த வெள்ளை ரோஜாக்களை வாளித் தண்ணீரில் நிறுத்தியிருந்தாள். ஒவ்வொன்றாக முள் சீவி, காம்பைத் தண்ணீருக்குள்ளேயே சாய்வாக வெட்டினாள். நசுங்கிய வெளியிதழ்களைக் கிள்ளினாள். லில்லிப் பூவின் நடுவிலிருந்த மகரந்தத்தை எடுத்துவிட்டாள். கல்யாணக் கவுனில் பட்டால் அந்த மஞ்சள் கறை போகாது.

அன்று பகல் ஆனிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை தமிழ்மாறனுக்குச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. இருவரும் ஒரே திருச்சபை, ஒரே பாட்டுக்குழு. தெருதான் வேறு. அவன் கம்மாபுரம் பக்கத்துக் காலனிக்காரன் என்பதற்காக ஆனியின் அண்ணன் சைமன்ராஜ் அவனை ஒருமுறை நடுரோட்டில் அடித்துப் போட்டிருந்தான். அதனால் அவர்கள் இருந்த சுரங்க டவுன்ஷிப்பில் வேண்டாமென்று சேத்தியாத்தோப்புப் பக்கம் ஒரு சின்னக் கோயிலில் ஏற்பாடு செய்திருந்தார்கள். இடம் மார்த்தாளுக்குத் தெரியும். பொக்கேயைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியவள் அவள்தான்.

சைமன்ராஜ் குனிந்து உள்ளே வந்தான். ஷட்டரைக் கீழே இழுத்து விட்டான்.

"எந்தக் கோயிலு, அக்கா?"

"பூ கட்றதுதாம்பா என் வேலை. வூட்டுக்குப் போ."

"நேத்து ஆனி இங்கதான பேசிகினு இருந்தா? எங்கன்னு சொல்லு. அவன் கைய எடுத்துட்டுதான் எனக்கு மறுவேலை."

"தெரியாது."

அவன் வாளியை உதைத்தான். சிதறிய ரோஜாக்களை மிதித்தான். அவள் தடுக்கக் குனிந்தபோது தலைமுடியைப் பிடித்து முகத்தை மேசையில் மோதினான். முன்பல் உடைந்து வாயில் ரத்தம் நிறைந்தது. பொக்கேக்கு வைத்திருந்த சாட்டின் ரிப்பனை அவள் கழுத்தில் சுற்றி இறுக்கினான்.

"எந்தக் கோயிலு?"

அவளால் இப்போது சொல்ல நினைத்தாலும் முடியாது. கை மேசையில் துழாவியது. கத்தரி கிடைத்தது. பின்பக்கமாக வீசி அவன் தொடையில் இறக்கினாள்.

ரிப்பன் தளர்ந்தது. அவன் தரையில் சரிந்தான். பிடி விட்டுப்போனது அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் திரும்பி, இன்னொரு முறை குத்தினாள்.

ஷட்டரை உயர்த்தியதும் பக்கத்து டீக்கடைக் கொளஞ்சியப்பன் ஓடிவந்தார். சைமன்ராஜை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

"நீயும் போம்மா. ரத்தம் நிக்கல."

"போறேங்க. இத முடிச்சிட்டு."

மிதிபடாமல் மேசைமேல் தப்பியவை லில்லிகளும் கொஞ்சம் ரோஜாக்களும். கையைக் கழுவிவிட்டு அவற்றைச் சேர்த்தாள். காம்புகளைச் சுற்றிக் கம்பியை முறுக்கினாள். கொளஞ்சியப்பன் காம்புகளைப் பிடித்துக்கொள்ள, புது ரிப்பன் சுற்றிக் கட்டி முடித்தாள். பிறகு வாயில் துணியை அழுத்தியபடி அவருடைய பைக்கில் ஏறினாள்.

கோயில் வாசலில் ஆனி அவளைப் பார்த்துவிட்டாள்.

"மூஞ்சி என்னாச்சிக்கா?"

"உங்கண்ணன் வந்தான்."

"அவன்?"

"குத்திட்டேன். உயிரோடதான் இருக்கான்."

ஆனி அழவில்லை. மார்த்தாளின் கழுத்துத் தடத்தை விரலால் தொட்டாள். பிறகு பொக்கேயை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

கல்யாணம் முடிந்ததும் மார்த்தாள் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள்.

"அவன் விட்ட பிறகும் எதுக்கும்மா குத்தின?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"விட்டுட்டான்னு தெரியுங்க. எழுந்தா கோயிலுக்குப் போவான்னும் தெரியும்."

பின்னால் கோர்ட்டிலும் அதையேதான் சொன்னாள். தன்னையும் அவர்களையும் காக்கச் செய்தது என்று ஏற்று அவளை விடுவித்தார்கள். சைமன்ராஜுக்குச் சிறை. தீர்ப்புக்கு முன் ஆனி ஒருநாள் ஜெயிலில் இருந்த அவனைப் பார்க்கப் போனாள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் திரும்பி வந்தாள். மறுபடி போகவில்லை.