ஒலக்கூர் மண்ணில் செம்பு

ஓய்வுபெற இன்னும் ஐந்து மாதம் இருக்கையில் எனக்குச் செம்பு கிடைத்தது. முப்பத்தோரு வருடமாக வெயிலில் அலையும் நிலவியலாளன் நான். கண்டுபிடித்தவர் சேரன் என்று என் பெயர் போட்டு எந்த ஆவணத்திலும் ஒரு வரிகூடக் கிடையாது. இப்போது திண்டிவனத்தை அடுத்த ஒலக்கூர்ப் பக்கம், ஏழு மண் மாதிரிகளில், வழக்கமாக இருப்பதைவிட ஆறு மடங்கு செம்பு. என் மேலதிகாரி ஜாபர் சாதிக் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். "சூப்பர் சார், துளை போடற மெஷினுக்கு எழுதிடலாம்" என்று போனிலேயே குதித்தார்.

நான் குதிக்கவில்லை. முட்டிவலி ஒரு காரணம். அந்தச் செம்பின் நடத்தை சரியில்லை என்பது இன்னொரு காரணம்.

பூமியின் ஆழத்தில் சூடான உப்புநீர் பாறை இடுக்குகளில் ஏறி வரும். வரும் வழியில் பாறைக்குள் துளித்துளியாகச் சிதறிக் கிடக்கும் செம்பைக் கரைத்துக்கொள்ளும். எங்கே ஆறுகிறதோ, எங்கே கந்தகத்தைச் சந்திக்கிறதோ, அங்கே சுமையை இறக்கிவிடும். ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான வருடம் இறக்கிக்கொண்டே இருந்தால் அதுதான் தாது. பிறகு மழையிலும் வெயிலிலும் அது சிதைந்து மேல்மண்ணில் கொஞ்சம் கசியும். அந்தக் கசிவைப் பிடிக்கத்தான் நாங்கள் மண்ணைச் சலிக்கிறோம். ஆனால் செம்பு தனியாக வராது. சம்பந்தி வீட்டார் மாதிரி கந்தகம், ஆர்சனிக், வெள்ளி என்று பட்டாளத்தோடுதான் வரும். என் மாதிரிகளில் பட்டாளமே இல்லை. துத்தநாகம் மட்டும் கூட நின்றது. கூடுதல் செம்பு இரண்டு பங்கென்றால் கூடுதல் துத்தநாகம் ஒரு பங்கு. ஏழிலும் அதே விகிதம்.

இரண்டு பங்கு செம்பும் ஒரு பங்கு துத்தநாகமும் சேர்ந்தால் என்ன என்று எந்தப் பாத்திரக்கடைக்காரரும் சொல்லிவிடுவார். எனக்கும் தெரியும். தெரிந்தும் நான்கு நாள் அதை நினைக்காமலே ஓட்டினேன்.

ஐந்தாம் நாள் ஒலக்கூருக்குப் போனேன். கடலை பிடுங்கி முடித்த மல்லாட்டைக் கொல்லையின் ஓரத்தில் அஞ்சம்மாள் மண் சலித்துக்கொண்டிருந்தார். நான்கு மாதமாக எங்களுக்குச் சலித்துத் தருகிறவர் அவர்தான்.

"அஞ்சம்மா, போன மாசம் ஏரிப் பக்கம் எடுத்தமே ஏழு மண்ணு, அத எதுல சலிச்சீங்க?"

"அதுவா சார்? நைலான் சல்லடை கிழிஞ்சி போச்சி. உங்களுக்குப் போன் போட்டேன். விழுப்புரத்துல மீட்டிங்ல இருக்கேன், எப்படியாச்சும் சமாளிங்கன்னீங்க. எங்க வூட்டு மாவு சல்லடைய எடுத்துக்கினு வந்தேன்."

"பித்தளையா?"

"ஆமா சார், எங்கம்மா குடுத்த சீரு. சல்லடை சுத்தமா இருக்கணும்னு தெனம் திட்டிக்கினே இருப்பீங்களே? ஒவ்வொரு மண்ணுக்கும் முன்னாடி புளி போட்டுத் தேச்சி, கழுவி, காய வச்சி சலிச்சேன். பளபளன்னு இருந்திச்சி."

புளிப்பு பித்தளையைக் கரைக்கும். பருமண் அதைச் சுரண்டி எடுக்கும். இரண்டும் என் பொட்டலத்துக்குள் விழும். பூமி யுகக்கணக்கில் செய்கிற வேலையை அஞ்சம்மாள் ஒரு வாரத்தில் முடித்திருந்தார். சிரிக்கவேண்டிய விஷயம்தான். எனக்கு அழுகை வந்தது.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்றும் தோன்றியது. மெஷின் வந்து துளைபோட்டு ஒன்றுமில்லை என்று தெரிய ஒரு வருடமாகும். அதற்குள் நான் வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பேன். வரப்பில் உட்கார்ந்து அந்த நினைப்பைக் கொஞ்சநேரம் ருசித்தேன். பிறகு ஜாபர் சாதிக்குக்குச் செய்தி அனுப்பினேன்: மாதிரிகள் கெட்டுப்போனவை, மெஷின் வேண்டாம்.

அனுப்பிய கையோடு கோபம் தலைக்கேறியது.

"யாரக் கேட்டு அத எடுத்துட்டு வந்தீங்க? நாம தேடறதே செம்புதான்! பித்தளைல பாதிக்கு மேல செம்பு! மொத்தமும் பேஜாராப் போச்சு!"

அஞ்சம்மாளின் கையிலிருந்த சல்லடை அப்படியே நின்றது.

"உரம் போட மண்ணு டெஸ்ட் பண்றோம்னுதான சார் எங்களுக்குச் சொன்னீங்க?"

ஆமாம், அப்படித்தான் சொன்னேன். எந்த ஊரிலும் அப்படித்தான் சொல்வேன். உள்ளதைச் சொன்னால் புதையல் என்று ஊரே கூடிவிடும்.

"நாலு மாசம் உங்க கூடவே நடந்துக்கினு இருந்தேன். செம்பு தேடறோம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் பித்தளைய எடுத்தாந்திருப்பேனா?"

போன் அடித்தது. ஜாபர் சாதிக் வழக்கத்துக்கு மாறாக மெதுவாகப் பேசினார். "ரிப்போர்ட்ல காரணம் எழுதணும் சார். யாரால ஆச்சுன்னு பேரும் கேப்பாங்க. சலிச்சவங்க பேரு என்ன?"

அஞ்சம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேரன்னு போட்டுக்கோங்க" என்றேன்.