கவிழ்த்து வைத்த செருப்பு

அண்ணனின் செருப்பு தோட்டத்துப் படலுக்கு வெளியே, வேலியோரமாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. இரண்டும் ஒட்டினாற்போல, மேலே ஒரு கல். போலீஸ்காரர் லத்தியால் கல்லைத் தள்ளிவிட்டுச் சொன்னார்:

"பாரு, செருப்பக் கழட்டி வெச்சுட்டுத்தான் குளிக்கப் போயிருக்கறான். கால் வழுக்கியிருக்கும்."

நின்றவர்கள் தலையாட்டினார்கள். கிணற்று மேட்டில் அண்ணனைக் கயிற்றுக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். தலைமுடியிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. போலீஸ்காரர் சொன்னதில் ஏதோ தவறு என்று எனக்குத் தெரிந்தது. என்ன என்று அப்போது பிடிபடவில்லை.

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கம் எங்கள் ஊர். அது தொண்ணூற்று ஐந்தாம் வருடம். ஊருக்கு வெளியே இருந்த எங்கள் குடியிருப்பை வளவு என்போம்; அங்கே எல்லோருமே பண்ணையத்து வேலைக்குப் போகிறவர்கள். அப்பா ராசப்பன், பெரிய பண்ணாடி என்று நாங்கள் அழைக்கும் நிலக்காரர் நஞ்சப்பனின் அந்தத் தோட்டத்தில்தான் தண்ணீர் கட்டினார். அம்மா நான் சின்னப் பெண்ணாக இருக்கும்போதே செத்துப்போய்விட்டாள். ஊர் வீதியில் நடக்கும்போது நாங்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். தோட்டத்துக்குள் போனால் படலுக்கு வெளியே விட வேண்டும். தேள் ஏறாமல் இருக்க எல்லோரும் கவிழ்த்து வைப்பார்கள். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. மூச்சு விடுவதுபோல அது நடந்துகொண்டிருந்தது.

அண்ணன் கதிரேசன் கோயமுத்தூரில் லேத் பட்டறையில் வேலை பார்த்தான். மாரியம்மன் நோன்புக்கு வந்தவன், வார் வைத்த புதுத் தோல் செருப்போடு ஊர் வீதியில் நடந்தே வந்தான். அப்பா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"ஏன்டா, கையில எடுத்துக்கிட்டா கை தேஞ்சா போயிரும்?"

"இந்தச் செருப்பு கோயமுத்தூர்ல கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போயிருக்குதுப்பா. இந்த வீதி என்ன கோயிலா?"

"கோயிலுக்குள்ளதான் உடறதில்ல. வீதியிலயாச்சும் உடறாங்கன்னு இருடா."

அண்ணன் சிரித்துவிட்டான். அப்பாவும் சிரித்தார். அன்று சாயங்காலம் பண்ணாடியின் மகன் அவனை வீதியில் நிறுத்திக் கழற்றச் சொன்னான். அண்ணன் கழற்றவில்லை. கொஞ்ச நேரத்தில் தோட்டத்துக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. "போகாதீண்ணா" என்றேன். "போகலைன்னா நாளைக்கு அப்பாவத்தான் பிடிப்பாங்க பாப்பா" என்று சொல்லிவிட்டுப் போனான். அப்படித்தான் கடைசியாக அவனைப் பார்த்தேன்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோதுதான் அந்தத் தவறு என்னவென்று புரிந்தது. வீதியில் கழற்ற மறுத்தவன் படலுக்கு வெளியே கழற்றி, அழகாகக் கவிழ்த்தும் வைப்பானா? மாட்டான். அப்படியென்றால் வேறு யாரோ வைத்திருக்கிறார்கள்.

பண்ணாடி வீட்டு ஆட்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அவர்கள் எங்கள் செருப்பைக் கையால் தொட மாட்டார்கள். காலால் எத்துவார்கள், குச்சியால் தள்ளுவார்கள். எடுத்து, ஜோடி சேர்த்து, கவிழ்த்து வைக்க மாட்டார்கள். கொன்றவர்களால் அதைச் செய்திருக்க முடியாது. செய்த கை எங்கள் வளவுக் கை.

அதற்கு மேல் யோசிக்க எனக்குப் பயமாக இருந்தது. ஏனென்றால் வளவில் எல்லோரும் செருப்பைக் கவிழ்ப்பார்கள், கல் வைக்க மாட்டார்கள். எப்போதோ ஒரு நாய் அவருடைய செருப்பைக் கவ்விக்கொண்டு போனதிலிருந்து அப்பா மட்டும்தான் கல் வைப்பார்.

அண்ணனோடு பட்டறையில் வேலை பார்த்த அஃப்தாப் கோபிக்குப் போய் மனுக் கொடுத்திருந்தார். கோட்டாட்சியர் விசாரிப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அஃப்தாப் வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார்:

"குளிக்கத்தான் போனான்னு எழுதிட்டா அத்தோட முடிஞ்சுது. நீதான் சொல்லோணும் தங்கச்சி. உன்ற அப்பாரு வாயே தொறக்க மாட்டேங்கறாரு."

அவர் போனபிறகு அப்பாவிடம் போய் உட்கார்ந்தேன். வெயில் இன்னும் இறங்கவில்லை. அவர் ஒரு தென்னங்கீற்றைக் கையில் வைத்துக்கொண்டு, பின்னாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணன் செருப்ப நீங்கதான வெச்சீங்க?"

அப்பா கீற்றைக் கீழே வைத்தார்.

"மடை மாத்தறதுக்குப் போனேன் அம்மணி. களத்துல ஒத்தச் செருப்புக் கெடந்துச்சு. இன்னொண்ணு தோட்டத்துச் சாளை வீட்டுக்கு முன்னால. பெரிய பண்ணாடி நின்னுட்டு இருந்தாரு. 'ராசப்பா, உன்ற பையன் கெணத்துல கெடக்கறான். என்ற பையன் கோவத்துல கையை ஓங்கிப்போட்டான். உனக்கு இன்னொரு புள்ள இருக்குது, அதை நெனச்சுக்கோ. மொதல்ல அந்தச் செருப்ப எடுத்து அக்கட்டால, படலுக்கு வெளிய வெய்யி'ன்னாரு."

"அதுக்கு?"

"எடுத்து வெச்சுபோட்டேன்."

"கல்லு எதுக்குப்பா வெச்சீங்க?"

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கேள்வி அவருக்குப் புரியவே இல்லை.

"புதுச் செருப்பு கண்ணு. நாய் இழுத்துட்டுப் போயிருமல்லோ?"

விசாரணைக்கு நாங்கள் இரண்டு பேரும் கோபிக்குப் பஸ்ஸில் போனோம். கோட்டாட்சியர் ஒரு பெண். என்னை உட்காரச் சொல்லிக் கேட்டார். அப்பா சுவரோரமாகத் துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார். அண்ணன் கழற்றியிருக்க மாட்டான் என்று சொன்னேன். வீதியில் நடந்ததைச் சொன்னேன்.

"தோட்டத்துக்காரங்களே எடுத்து வெச்சிருக்கலாமே?"

"எங்க செருப்ப அவங்க தொட மாட்டாங்கம்மா."

அவர் எழுதுவதை நிறுத்தினார்.

"அப்போ யார்தான் வெச்சது?"

நான் அப்பாவைப் பார்க்கவில்லை. சொன்னால் எனக்கு மிச்சமிருக்கும் ஒரே ஆளையும் கொண்டுபோய்விடுவார்கள். சொல்லாவிட்டால், கடைசியில் படலுக்கு வெளியே பணிவாகச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போனவன் என்றுதான் அண்ணனைப் பற்றி எழுதுவார்கள். அவன் எதற்காகச் செத்தானோ அதையே அவன் செய்ததாக ஆகிவிடும்.

"யோசிச்சுச் சொல்லும்மா. இல்லேன்னா விபத்துன்னுதான் நான் எழுதணும்."

நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். அவர் எங்கள் இரண்டு பேரையும் வெளியில் இருக்கச் சொன்னார்.

படிக்கட்டின் கீழே மனுக் கொடுக்க வந்தவர்களின் செருப்புகள் தாறுமாறாகக் கிடந்தன. எல்லாம் நிமிர்ந்து கிடந்தன. கடைசியில், சுவரோரமாக, அப்பாவின் டயர் செருப்பு மட்டும் ஒட்டினாற்போலக் கவிழ்ந்திருந்தது. மேலே ஒரு செங்கல் துண்டு.

நான் அங்கேயே நின்றுவிட்டேன். அப்பா குனிந்து செங்கல்லை எடுத்து, செருப்பை நிமிர்த்திக் காலில் மாட்டிக்கொண்டார். அப்புறம்தான் நான் எதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன் என்று கவனித்தார். கையிலிருந்த கல்லைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"கதிரேசன் தானாக் கழட்டுனான்னு எழுதிப்போடுவாங்களா?"

"ஆமாப்பா."

"நீ இங்கியே இரு கண்ணு. நாஞ் சொல்லிப்போட்டு வாரேன்."

கல்லைக் கையில் வைத்துக்கொண்டே படியேறினார். வாசலில் உட்கார்ந்திருந்த பியூன், "ஏய் பெரியவரே, செருப்பு, செருப்பு!" என்று கத்தினான். அப்பா திரும்பவில்லை.

தடயத்தை மறைத்தார் என்று அப்பாவையும் சில மாதங்கள் உள்ளே வைத்தார்கள். பண்ணாடியின் மகனுக்குக் கீழ்க்கோர்ட்டில் தண்டனை கிடைத்தது, மேலே போய்க் குறைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டான். நாங்கள் ஊரை விட்டு மதுக்கரைக்கு வந்தோம். சிமென்ட் தூசி படிந்த ஒரு லைன் வீட்டில் அப்பாவுக்கு மீதிக் காலம் கழிந்தது. வாசலில் செருப்பைக் கவிழ்த்துத்தான் வைப்பார். கல் வைப்பதை மட்டும் விட்டுவிட்டார். போன ஐப்பசியில் அவரும் போய்ச் சேர்ந்தார்.

தீர்ப்பின் நகல் என்னிடம் இருக்கிறது. இறந்தவர் தாமாகத் தம் செருப்பைக் கழற்றவில்லை என்று அதில் ஒரு வரி வருகிறது. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. யாராவது வீட்டுக்கு வந்தால், "அம்மணி, அந்த எடத்தைப் படி" என்பார். தண்டனை எவ்வளவு என்று வருகிற இடத்தை அவர் ஒருநாளும் கேட்டதில்லை.